கை கட்டி நின்ற கடற்கரை

தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்தாலும் கரைவலைக் கயிற்றின் தழும்பு இன்னும் மாறாத கைகளுக்குச் சொந்தக்காரரான எங்கள் அப்துல் ஸமட் ஹாஜியார் அவர்களே! குறிப்புப் புத்தகத்தை இன்றைக்கும் கக்கத்திலிருந்து இறக்காத ஓய்வுபெற்ற அதிபர் செபரட்ணம் சேர் அவர்களே! பள்ளிவாசலில் இருந்தும் கோயிலில் இருந்தும் தேவாலயத்தில் இருந்தும் வந்து ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! கடலோரத்து உழைப்பாளிகளே, வயலோரத்து உறவுகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. அசையாத கையையும் அடியெடுக்காத காலையும் அசைக்கப் பழக்குவது என் தொழில். இயன்மருத்துவர் என்று கடிதத்தில் எழுதுவார்கள். ஊரில் நான் பிசியோ மிஸ். இன்று உங்கள் முன் ஒரு வீரரைப் புகழ வந்திருக்கிறேன். புகழ்வதற்கு முன் என் பிழையொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வீரர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். பிரகாஸ். நம் கரையில் மீன்பிடிக்கிறவர். மூன்று வருடங்களுக்கு முன், கரையேறும் நேரத்தில் ஓர் அலை அவருடைய தோணியைப் புரட்டி அவரது வலது தோளின் மேலேயே போட்டது. கரையில் நின்றவர்கள் ஓடினார்கள். அன்போடு ஓடினார்கள், அழுதுகொண்டு ஓடினார்கள். ஓடிப்போய் அவரைத் தூக்கியது எந்தக் கையைப் பிடித்து? உடைந்த தோளின் கையைப் பிடித்து! பிடித்தவர்கள் மேல் குற்றமில்லை. உடைந்தது எதுவென்று கேட்டுவிட்டுத் தூக்க அன்பு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

தகடு வைத்த தோளோடு அவர் என்னிடம் வந்தபோது, சேர்ட்டுக்குள் கை நுழைக்க முடியாத மனிதர். நான் பரிசோதித்தேன். “இனித் துடுப்பு வலிக்கக் கூடாது” என்று அவருடைய கோப்பில் எழுதினேன். ஒரு சிறு கடை போட்டுக்கொள்ளும்படி புத்தியும் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கடையில நான் இருந்தா, கடல ஆரு மிஸ் பார்க்கிற?”

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. படித்த திமிர் எனக்கு. ஜன்னல் கம்பியில் ஒரு றப்பர் பட்டியைக் கட்டி, மெல்ல இழுக்கச் சொன்னேன். அவர் அதைப் பட்டியாகவா இழுத்தார்? துடுப்பாக இழுத்தார்! காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் கடலை வைத்து இழுத்தார். ஏசினேன். கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தக் கையை அளந்து பார்த்தேன். பேனாவை எடுத்தேன், நான் எழுதிய வரியை நானே வெட்டினேன். ஒரு மனிதனால் முடியாது என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அது பிழை என்று அறிய எட்டு மாதம் எடுத்தது.

அந்த நாட்களில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்தாள். சொறிக்கல்முனை சுஜித்தா. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள். இரண்டு கிழமை வந்தாள், பிறகு வரவில்லை. ஆட்டோவுக்குள் மடங்கி ஏற அவளுடைய முதுகு விடவில்லை. பஸ் படியேற அவளுடைய கால் விடவில்லை. அந்தக் கட்டில் வெறுமையானது. வெறுமையான கட்டில்களைப் பார்த்துப் பழகியவள் நான். பிரகாஸ் பழகவில்லை. நாள்தோறும் அவளைப் பற்றிக் கேட்டார். காரணத்தை ஒருநாள் சொன்னேன்.

“எனக்குத் தோள் சரிவந்தா கடல் இரிக்கு மிஸ்,” என்றார். “அந்தப் பிள்ளைக்கு இங்க வாறதுக்கே வழி இல்லையே.”

அங்கே பிறந்தது இந்தப் பயணம்! வெளிநாட்டில் வாழும் நம் ஊரவர் சங்கம் ஒன்று, பிரகாஸின் கதையைக் கேள்விப்பட்டு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு வானைத் தர முன்வந்தது. ஆனால் நிபந்தனை வைத்தது. பொத்துவிலில் இருந்து கல்முனை வரை பிரகாஸ் தனியே துடுப்பு வலித்து வரவேண்டும். இயந்திரம் கூடாது. பாய் கூடாது. வேறு ஒரு மனிதக் கை தோணியில் படக் கூடாது. கண்காணிக்க, கூடவே வரும் படகில் செபரட்ணம் சேர். அந்தப் படகிலேயே அவருடைய தோளைக் கண்காணிக்க நான்.

மூன்று நாள். இரவுகளில் கரை தொடாமல் நங்கூரம் போட்டுத் தோணிக்குள்ளேயே படுத்தார். இரண்டாம் நாள் ஒலுவிலுக்கு நேரே தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று எழுந்து தோணியை ஆழ்கடலுக்குத் தள்ளியது. இரண்டு மணி நேரம் அவர் வலித்தார். முன்னேறவா? இல்லை, இருந்த இடத்தில் இருக்க! அந்த இரண்டு மணி நேரமும் அதே நாணல் கூட்டம், அதே ஒற்றைத் தென்னை, அதே வெள்ளைச் சுவர். என் சிகிச்சை அறையில் இப்படித்தான் பலர் மாதக்கணக்கில் வலிக்கிறார்கள். முன்னேற்றம் இல்லை என்று நாம் சொல்கிறோம். பின்னே போகாமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாட்டை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் கல்முனைக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. கரையா அது? தலைகளால் கட்டிய மதில்! இப்போது உங்களிடம் கேட்கிறேன்: இந்தக் கரைக்கு ஒரு தோணி வந்தால் நாம் என்ன செய்வோம்?

ஓம், சரியாகச் சொன்னீர்கள். பிடிப்போம்! யாருடைய தோணி என்று பார்ப்பதில்லை, எந்த ஊரென்று கேட்பதில்லை. கை வைத்தவருக்குக் கறிக்கு மீன் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் கை வைப்போம். தோணி வர, சும்மா நிற்பவனை இந்தக் கரை மதிக்காது.

அன்றும் அதுதான் நடந்தது. தோணி மணலைத் தொட இன்னும் பத்துப் பாகத் தூரம் இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் பாய்ந்தவர் யார் தெரியுமா? நமது தலைவர் அவர்கள்! கண்ணைத் திருப்பாதீர்கள் ஹாஜியார், படம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நாற்பது கைகள் தோணியைப் பிடித்தன.

சேர் விசிலை ஊதினார். நிபந்தனையை வாசித்துக் காட்டினார்.

“என்ன சேர் நீங்க? கை வெச்சதுக்காக வான் இல்லையா?” என்று கேட்டார் ஹாஜியார்.

“நானும்தான் ஹாஜியார் அந்த வானுக்காகக் கொழுத்திற வெயில்ல மூணு நாள் இருந்தன். பொய் எழுதிக் குடுத்தா, நாளைக்கு இவன்ட மூஞ்ச எப்படிப் பார்க்கிற?”

பிரகாஸ்தான் கேட்டார், கடைசியாகப் புத்தகத்தில் குறித்தது எந்த இடம் என்று. சாய்ந்தமருதுக்கு நேரே, இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் பின்னால். அந்த இடத்திலிருந்து மறுபடி வலித்தால் செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்றார் சேர். அதுவரை எங்கள் படகு கயிறு கட்டி இழுத்துச் செல்லவும் சம்மதித்தார்.

“அப்ப தோணியத் திருப்புங்க,” என்றார் பிரகாஸ்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தும் அதிகாரம் என்னிடம் இருந்தது. தோள் வீங்கியிருந்தது. கையை உயர்த்தச் சொன்னேன். காது வரை உயர்ந்தது, அதற்கு மேல் நடுங்கியது. எலும்பைத் தடவிப் பார்த்தேன். களைப்பு இருந்தது, புதிய காயம் இல்லை. என் பழைய வரி நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பாதுகாப்பு! அந்தப் பாதுகாப்பு யாருக்கு? அவருக்கா, எனக்கா? போங்கள் என்றேன்.

மாலை வெயில் சாய்ந்தபோது தோணி மீண்டும் வந்தது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் இடையில் தோணி அப்படியே மிதந்து நின்றது. கரையில் நின்ற கால்கள் தாமாகவே முன்னே நகர்ந்தன. அப்போது அவருடைய மனைவி கஜேந்தினி தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றார். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அவர் சேர்ட்டுப் பொத்தான் போட அரை மணித்தியாலம் எடுப்பாரு,” என்றார், கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே. “நான் போட்டு விட்டா அர நிமிசம். போட்டு விடாம நிண்டுதான் அந்தக் கை வந்தது. நீங்களும் நில்லுங்க.”

முதலில் ஹாஜியார் கையைக் கட்டினார். பிறகு வலைக்காரர்கள். பிறகு மாணவர்கள், மௌலவிமார், குருக்கள், அருட்சகோதரிகள். பிடிக்கவே பிறந்த கைகள் பிடிக்காமல் நின்றன! இழுக்கவே பழகிய கைகள் இழுக்காமல் நின்றன! அன்பு ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். அன்பு பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். தோணி மணலில் உரசியது. சேர் புத்தகத்தில் எழுதினார். அதற்குப் பிறகு நாம் பிரகாஸைத் தூக்கிய கதையை நான் சொல்லத் தேவையில்லை. இந்த முறை இடது பக்கத்தால் தூக்கினோம்!

அதோ நிற்கிறது வெள்ளை வான். இன்று அதில் ஏறி வந்த முதல் பயணி சுஜித்தா, முன்வரிசையில் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி இருக்கிறாள். பிரகாஸ் அவளுக்காகப் பேசிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுடைய வீட்டு முற்றத்தில் நானும் அவளும் பயிற்சி செய்திருக்கிறோம். வானின் நாடாவை அவள்தான் வெட்டப் போகிறாள். அவளுடைய கதிரைக்கும் அந்த நாடாவுக்கும் இடையில் எட்டு அடி தூரம். முற்றத்தில் ஆறு நடந்திருக்கிறாள்.

ஆகவே, தலைவர் அவர்களே, தாய்மார்களே, தம்பிமாரே! அவள் எழும்பட்டும். தள்ளாடினால் பதறாதீர்கள். கையை நீட்டிக் கேட்டால், நாம் அத்தனை பேரும் ஓடுவோம். கேட்கும் வரை, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. என் பிழையைத் திருத்திய பிரகாஸுக்கு நன்றி. சாந்தியும் வணக்கமும் கூறி நானும் கையைக் கட்டிக்கொள்கிறேன்.

சுஜித்தா, நீ வா மகள்.