ஆணியில் ஒரு போர்டு

மதியச் சாப்பாட்டில் எனக்குச் சுவருக்கு முதுகு காட்டும் நாற்காலிதான் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். தண்டையார்பேட்டையில் எங்கள் கம்பெனிச் சுவரில் ஓர் ஆணி உண்டு. யாராவது தவறாக வடிவமைத்த சர்க்யூட் போர்டை முதலாளி அதில் மாட்டி, கீழே பெயர் எழுதுவார். ஒன்பது வருடமாக அங்கே தொங்குவது என்னுடையது. யுஎஸ்பி சாக்கெட்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன். ‘சிலுவைமுத்து’ என்ற என் பெயர் மங்கினால் முதலாளியே மார்க்கரால் மறுபடி எழுதுவார்.

எங்கள் வேலை கேரியர் போர்டு. சின்னக் கணினி மேலே உட்காரும். அதன் யுஎஸ்பி இணைப்புகளை வெளியே கொண்டுவருவது கீழே இருக்கும் என் போர்டு. ராயபுரத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கின் கதவுக்கு ஒன்று செய்தேன். ஒரு சாக்கெட்டில், வெளியே கதவைத் திறக்கும் கைரேகைக் கருவி. பக்கத்துச் சாக்கெட்டில், உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தினால் மணி அடித்துக் கதவு திறக்கும் அவசரப் பொத்தான். ஷார்ட் ஆனால் கணினிக்குச் சொல்லும் எச்சரிக்கை இணைப்பு அந்த இரண்டுக்கும் பொது. ஒன்றில் ஷார்ட் ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் நின்றுவிடும். பொத்தானைத் தள்ளி வேறு ஜோடிச் சாக்கெட்டில் வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் போர்டின் செப்புக் கோடுகள் ஒரே நீளத்தில், பார்க்க அழகாக இருந்தன.

கண்டுபிடித்தவன் பகலவன். வியாசர்பாடிக்காரன், எங்கள் டெஸ்டிங் ஆள், நல்லவன்.

“மாமு, ஒண்ணு செத்தா ரெண்டும் பூட்டுது. உள்ள ஒருத்தன் மாட்டிகினா இன்னா பண்ணுவான்?” என்றான். பிறகு சிரித்தான். “இன்னொரு ஆணி அடிக்கணும் போல கீதே.”

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் திரும்பி அந்த ஆணியைப் பார்த்தேன். அந்தச் சுவரின் கீழ் இன்னும் எத்தனை வருடம் சோறு தின்பது? ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை தருவான்?

“ஞாயிற்றுக்கிழமை கிடங்கிலேயே ஒருமுறை காட்டு. முதலாளியிடம் நானே சொல்கிறேன்” என்றேன். ஒப்புக்கொண்டான்.

அன்று கிடங்கு மேனேஜர் அருள்நாதன் சர்ச்சுப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கதவின் சாவியை என்னிடம் கொடுத்தார். “தொலைச்சிடாத நைனா. கீறது இது ஒண்ணுதான்.”

குளிரில் பாட்டரி இறங்கிவிடும், போனை வெளியே வைத்துவிட்டுப் போ என்று பகலவனிடம் சொன்னேன். அரைக்கைச் சட்டையோடு மைனஸ் இருபது டிகிரிக் குளிருக்குள் போனான். “அஞ்சே நிமிஷம் மாமு, ஜல்தியா தொற” என்றான். கதவைச் சாத்தினேன். கைரேகைக் கருவியைக் கழற்றி, சாக்கெட்டுக்குள் ஒரு பேப்பர் கிளிப்பை வைத்து ஷார்ட் செய்தேன். அவசர மணி அடிக்கவில்லை. அவன் சொன்னது முழுக்கச் சரி.

கதவு நாலு அங்குலக் கனம். தட்டினால் லேசாகத்தான் கேட்கும். கேட்டது. நான் தெருமுனைக்குப் போய் டீ குடித்தேன். வந்தபோதும் கேட்டது. இரண்டாவது டீக்குப் பிறகு கேட்கவில்லை. கிளிப்பை எடுத்துவிட்டுக் கருவியை மாட்டினேன். கணினியை அணைத்து மறுபடி போடாமல் மின்சாரம் திரும்பாது. அதை நான் செய்யவில்லை.

பூசை முடிந்து அருள்நாதன் வந்தார். கணினி பழுது, பதற்றத்தில் சாவியும் எங்கோ விழுந்துவிட்டது என்றேன். மனுஷன் அழுதேவிட்டார். ஐஸ் பெட்டிகளுக்கு அடியில், சாக்கடையில், எல்லா இடத்திலும் தேடினோம். நானும் மண்டி போட்டுத் தேடினேன், மேடம், முட்டியில் இந்தக் காயம் அப்போது பட்டதுதான். வெல்டிங் ஆள் வந்து கதவை அறுக்க மூன்று மணி நேரம் ஆனது. பகலவனின் இரண்டு கைகளும் பொத்தான் மேலேயே இருந்தன.

முதலாளி அந்தப் போர்டை ஆணியில் மாட்டவில்லை. செத்தவன் சரியாகச் சோதிக்கவில்லை என்று அவன் மேலேயே பழி போட்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவன் வேலையில் ஒரு குறையும் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் வந்தேன்.

சாவி இதோ. அன்று முழுக்க என் சட்டைப்பையில்தான் இருந்தது. எதையும் தொலைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது; அருள்நாதனிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.