உச்சியில் நின்ற கூண்டு

எனக்குக் குடும்பங்களைப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரே ஐஸ்கிரீமுக்கு அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்வது, அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கழுத்து வலியைக் காட்டிக்கொள்ளாமல் நடப்பது, அம்மா எல்லாருடைய பைகளுக்கும் காவல் இருந்துகொண்டு "நீங்க போங்க, நான் அப்புறம் ஏறிக்கறேன்" என்று சொல்வது, இதையெல்லாம் நாள் முழுக்கப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அதற்காகத்தான் பூங்காவில் ராட்டினம் ஓட்ட வந்தேன் என்று சொன்னால் மிகைதான். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

நீங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். வாசலில் சீட்டு வாங்கும்போது குடும்பத்துக்கு ஒன்றாகத் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் தருவார்கள். அன்று உங்களைச் சந்தோஷப்படுத்திய ஊழியர் யாரோ, அவருடைய சட்டையில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். அதனால் சம்பளம் ஒன்றும் கூடிவிடாது. ஆனாலும் வேலை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் எல்லோர் சட்டைக்கும்தான் போகும்.

வாங்குகிறவர்கள் தகுதியோடுதான் வாங்கினார்கள். அதில் எனக்குப் பொறாமை கிடையாது. பாப்கார்ன் விற்கும் பெண் ஒவ்வொரு குழந்தைக்கும் குனிந்து, அதன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துத்தான் பொட்டலத்தைக் கொடுப்பாள். சாயங்காலம் அவளால் நிமிர முடியாது. கழிப்பறை துடைக்கும் அம்மா, சட்டையை நனைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கென்று வீட்டிலிருந்து துவைத்த துணி கொண்டுவந்து வைத்திருப்பார். கோமாளிக்கு முட்டியில் தேய்மானம். ஆனாலும் குட்டிக்கரணம் போடாத நாள் இல்லை. ஒரு நாள் அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்று சிரிக்கும்வரை அவன் தரையில் விழுந்து விழுந்து எழுந்ததைப் பார்த்தேன். அவன் சட்டையில் துணியே தெரியாது, அவ்வளவு நட்சத்திரம்.

ராட்டினம் ஓட்டுகிறவனுக்கு யார் ஒட்டுவார்கள்? ஏறும்போது எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். இறங்கும்போது தலைசுற்றலில் தரையைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. என் வேலையில் கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இல்லை. கனமான குடும்பம் ஒரு பக்கம் ஏறினால் எதிர்க் கூண்டில் அதற்கு ஈடான கனத்தை ஏற்ற வேண்டும். ஆளைப் பார்த்ததுமே எடையைச் சொல்லிவிடுவேன். ஆனால் எடையைச் சரியாகச் சொன்னதற்காக யாரும் ஒருவனைக் கட்டிக்கொள்வதில்லை.

ஒரு நாள் கோமாளி தன் சட்டையிலிருந்து ஒரு நட்சத்திரத்தைப் பிய்த்து என் சட்டையில் ஒட்டினான். "இந்தா, நீயும் ஒண்ணு வச்சுக்கப்பா. எனக்கு இடமே இல்ல" என்றான். நல்ல மனசோடுதான் செய்தான். நானும் சிரித்தேன். அறைக்குப் போய்ச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அறை என்றால் ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, ஒரு ஜன்னல். என் மனைவி என்னோடு சண்டை போட்டுப் போகவில்லை. போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். தன் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போனவள், திரும்பி வருவதை மறந்தவள் மாதிரி அங்கேயே இருந்துவிட்டாள். போனில் கேட்டதற்கு, "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க. பக்கத்துல வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

முதல் தடவை ராட்டினம் நின்றது நான் செய்ததல்ல. மின்சாரம் போய்விட்டது. ஒவ்வொரு கூண்டிலும் பேசுவதற்கும் கேட்பதற்கும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கீழே என்னிடம் மைக். விதிப்படி நான் பேச ஆரம்பித்தேன். "பயப்படாதீங்க, நான் கீழதான் இருக்கேன். பிள்ளைங்களை மடியில வச்சுக்கங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கங்க." எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. உச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டார், "அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன்.

மின்சாரம் வந்து இறங்கியவர்கள் ஒருவர்கூட என்னைத் தாண்டிப் போகவில்லை. ஒரு பெரியவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு விடவே இல்லை. பிள்ளைகள் எட்டாத உயரத்துக்கு எம்பி எம்பி நட்சத்திரம் ஒட்டினார்கள். கோமாளி பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கிற" என்றான். அன்று அந்தச் சட்டையோடுதான் படுத்தேன். புரண்டால் ஸ்டிக்கர் கசங்கும் என்று நேராகவே படுத்திருந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் பழையபடி ஆயின. அதுதான் தாங்கவில்லை.

ஏறுகிற இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கதவு இருக்கிறது. அது சரியாகச் சாத்தியிருந்தால்தான் ராட்டினம் சுற்றும். என் நாற்காலி அதன் ஓரத்தில். முட்டியால் லேசாகத் தள்ளினால் போதும், நின்றுவிடும். முட்டியை எடுத்தால் சுற்றும். யார் கண்ணிலும் படாது.

கண்டபடி செய்யவில்லை. யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குத்தான் செய்தேன். வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிற குடும்பம், வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத புருஷன் பெண்டாட்டி, அப்பாவிடம் ஒட்டாத பிள்ளை. அவர்களுடைய கூண்டு உச்சிக்குப் போகும்போது முட்டியை வைப்பேன். உடனே பேச மாட்டேன். பயம் கொஞ்சம் ஊற வேண்டும். போன் பைக்குள் போகும், கைகள் ஒன்றையொன்று தேடும், அதற்குப் பிறகுதான் என் குரல். ஏறும்போது மூன்று பேராக இருந்தவர்கள் இறங்கும்போது ஒரு குடும்பமாக இறங்குவார்கள். ஒரு அப்பா தன் வளர்ந்த மகளை அணைத்துக்கொண்டு அழுதபடி இறங்கினார். அவர்கள் வாழ்நாளுக்கும் அந்த நாளை மறப்பார்களா? மறக்க முடியாத நாளைத் தருவதுதானே எங்கள் எல்லோருக்கும் அங்கே வேலை? கோமாளி விழுந்து காட்டுவான். நான் நிறுத்திக் காட்டினேன்.

மெக்கானிக்தான் பாவம், படாத பாடு பட்டார். அவர் கதவைக் கழற்றி மாட்டுவார், வயரை மாற்றுவார், தலையைச் சொறிவார். "கதவுல ஒண்ணுமே இல்லையே, என்னடா இது பேய் பிடிச்ச மாதிரி நிக்குது" என்பார். சூப்பர்வைசர் அவரை எல்லோர் முன்னாலும் கன்னாபின்னாவென்று திட்டுவார். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன்.

இப்போது நீங்கள் கேட்கிற நாளுக்கு வருகிறேன்.

அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். வரிசையிலேயே வாக்குவாதம். அவர், "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் பெஞ்சில உக்காந்திருக்கேன்" என்றார். அந்த அம்மா, "எப்பப் பாரு இதையே சொல்லுங்க. பிள்ளை எவ்வளவு ஆசையா வந்திருக்கா" என்றார். புருஷன் முகம் வெளுத்திருந்தது. நானும் பார்த்தேன். "ஏறுங்க சார், பிள்ளை கேக்குதுல்ல" என்று கதவைத் திறந்துவிட்டேன். இவர்களுக்கு இது அவசியம் என்று எனக்குப் பட்டது.

உச்சியில் நிறுத்தினேன். வழக்கம்போல் கொஞ்சம் பொறுத்துப் பேசினேன். முதலில் நன்றாகவே போனது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. "அண்ணா, இருக்கீங்களா? இவருக்கு நெஞ்சை அடைக்குதாம். வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் இறக்குங்கண்ணா."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கேம்மா. ஓடி வந்துட்டு இருக்காரு. சாரோட சட்டைப் பட்டனைக் கழட்டி விடுங்க" என்றேன்.

முட்டியை அப்போதே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மெக்கானிக் வருகிறார் என்று சொல்லியாகிவிட்டது. சொல்லி வாயை மூடுவதற்குள் ராட்டினம் சுற்றினால் மற்றக் கூண்டுகளில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எதற்கும் ஒரு பொருத்தம் வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அந்தச் சின்னப் பெண் பெட்டி அருகே வந்துவிட்டாள்.

"மாமா, அம்மா அழறாங்க. நீங்க ஏதாவது பேசுங்க."

"என்ன பேசட்டும் கண்ணு?"

"எதாவது. இங்கேருந்து எல்லா வீடும் குட்டியா தெரியுது. உங்க வீடு எது மாமா?"

என் வீடு எது என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள்கூடக் கேட்டதில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார், அதற்கு இடப்பக்கம் மூன்றாவது மாடி, நீலத் திரை போட்ட ஜன்னல் என்று சொன்னேன். தெரிகிறது என்றாள். நிஜமாகத் தெரிந்ததா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த ஜன்னலில் காலையில் வெயில் எப்படி விழும், கட்டிலை ஏன் சுவரோரம் போட்டிருக்கிறேன், திரைத் துணியை எந்தக் கடையில் வாங்கினேன், எல்லாம் சொன்னேன். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். நானே என்றேன். "தனியாவா சாப்பிடுவீங்க?" என்றாள். நடுநடுவே அந்த அம்மா ஏதோ கத்தினார். "நீ சொல்லு கண்ணு" என்று நான் பிள்ளையிடமே பேசிக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

"மாமா, அப்பா தூங்கிட்டாரு" என்றாள்.

முட்டியை எடுத்தேன். ராட்டினம் சுற்றிக் கீழே வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்பது உங்களிடமே இருக்கிறது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று சொன்னாராம்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. வாசலில் நின்றவனை அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உறவினர்களிடம், "இவர்தான். கடைசி வரைக்கும் எங்களை விட்டுப் போகாம பேசிட்டே இருந்தது இந்த அண்ணன்தான்" என்றார். சோபாவில் இருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அந்தப் பெண் வந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு போட்டுவிட்டுப் போவேன். ஒழுகுகிற குழாயைச் சரி செய்தேன், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு நாற்காலி ஆனது. அவருடைய நாற்காலிதான். அவர்களாகவே சொன்னார்கள், நான் கேட்கவில்லை. ராட்டினத்தை அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

எல்லாம் இப்படியே நல்லபடியாகப் போயிருக்கும். அந்த அம்மாதான் கேட்கவில்லை. "ராட்டினத்து அண்ணன் அந்தக் கத்துக் கத்திக் கூப்பிட்டும் அந்த மெக்கானிக் வரலையே. அவனைச் சும்மா விட மாட்டேன்" என்று உங்களிடம் புகார் கொடுத்தார். "விடும்மா, போன உயிர் திரும்பி வரவா போகுது" என்று நான் எவ்வளவோ சொன்னேன். என்மேல் இருந்த பாசத்தில் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மெக்கானிக்கைப் பிடித்துக் கொண்டுவந்தீர்கள். தனக்கு அழைப்பே வரவில்லை என்று அவர் அழுதார். நீங்கள் அவர் போனைப் பார்த்தீர்கள். பிறகு, யாருமே தொடாத ராட்டினம் எப்படித் தானாகச் சுற்றியது என்று யோசித்தீர்கள். நியாயமான யோசனை.

அவர்மேல் தப்பில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கதவைத் தள்ளியது என் முட்டி. மெக்கானிக்கை நான் கூப்பிடவே இல்லை. அந்த மனிதர் மேலே செத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நாள் உள்ளே வைத்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே விடுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா பாருங்கள். தகப்பன் இல்லாத வீடு அது. நானும் போகாவிட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?