இன்னும் சொல்லாத பெயர்

— அந்த டப்பாவை எத்தனை தரம் திறந்து மூடுவ பெவர்லி? உள்ள இருக்கிற பிஸ்கட் எங்கயும் ஓடிப்போகாது.

— சும்மா இரு நெவில். கையில எதையாவது பிடிச்சுக்கணும் போல இருக்கு.

— பேரன் பேத்தி எடுத்தவ, படிச்ச காலேஜுக்குத் திரும்பி வந்து பழைய வாத்தியாரைப் பார்க்கப் பயப்படுறா. நல்ல கூத்து.

— நீ பயப்படமாட்ட. வந்த முதல் நாளே ‘டெஸ்மண்ட், ஜன்னலைச் சாத்தவா’ன்னு கேட்டவன்தானே நீ?

— அதுதானே தாயே இங்க சட்டம்? ‘பதினாறு வயசாச்சு, பள்ளிக்கூடச் சட்டையைக் கழட்டிட்டுக் காலேஜுக்கு வந்துட்டீங்க, இனிமே எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க’ன்னு அவரே சொன்னார். தவறிப்போய் ‘சார்’னு சொன்னா டப்பாவுல ஒரு பிஸ்கட் அபராதம்.

— உனக்குச் சுலபம். நான் கன்னியாஸ்திரிங்க நடத்துற பள்ளியிலேர்ந்து வந்தவ. டீச்சர் உள்ள வந்தா எழுந்து நின்னே பழக்கம். அவர் பேரை நினைச்சாலே நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும்.

— அதனாலதான் நாங்க அத்தனை பேரும் ரெண்டு வருஷம் ஓசியில இஞ்சி பிஸ்கட் தின்னோம். ஈரக் காலுறையை எல்லாம் குளிருக்கு அறையைச் சூடாக்குற அந்தக் குழாய் மேல காயப்போட்டுட்டு, உன் பிஸ்கட்டை டீயில நனைச்சு நனைச்சு… அந்த வாசனை இன்னும் இந்த அறையில இருக்கு பாரு. உங்கப்பா வச்சிருந்தது கறிக்கடையா பிஸ்கட் கடையான்னு எனக்குச் சந்தேகம்.

— அந்தக் கறிக்கடைக்கு அவர் வந்தது உனக்குத் தெரியுமா?

— யாரு, டெஸ்மண்டா?

— மழையில, சைக்கிள்ல. ‘கல்லாவுல உட்கார ஆள் வேணும், பொண்ணு படிச்சது போதும்’னுட்டார் அப்பா. இவர் சனிக்கிழமை சனிக்கிழமையா வந்து வரிசையில நிப்பார். சாசேஜ் கறி வாங்குவார். வாங்கிட்டு மெதுவா என் பேச்சை எடுப்பார். கடைசியில அப்பாவே, ‘அந்த மனுஷனுக்காகவாவது பரீட்சை எழுதித் தொலை’ன்னார். அவர் வீட்டுல கறியே சமைக்கமாட்டாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

— இத்தனை வருஷத்துல என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

— கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு, அதோ, அந்தச் செம்பு நிற இலை மரத்தடியில நின்னார். ‘போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிடு பெவர்லி’ன்னு சிரிச்சார். வாயைத் திறந்தேன். ‘வரேன் சார்’னுதான் வந்துச்சு. வெட்கம் தாங்காம பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேன்.

— அன்னிக்கு பிஸ்கட்டும் போடல.

— போடல. இந்தக் கோடையோட காலேஜ் புதுக் கட்டிடத்துக்குப் போயிடும். அவரும் இனிமே வீட்டை விட்டு வரப்போறதில்ல. இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல நெவில். அவர் முகத்துக்கு நேரா அந்தப் பேரைச் சொல்லிட்டுத்தான் போவேன்.

— பெவ்… அவர் மகள் வாசல்ல ஒண்ணு சொன்னா. அவருக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியலையாம். மகளையே தெரியலையாம். இது பள்ளிக்கூடமா இருந்தப்ப, சின்னப் பையனா இதே கட்டிடத்துல படிச்சார்ல? போர்க்காலம், ஆம்பள வாத்தியாருங்க பட்டாளத்துக்குப் போயிட்டதால டீச்சரம்மாக்கள் பாடம் எடுத்த சமயம். பாதி நேரம் அங்க போயிடுறாராம். மீதி நேரம் நம்ம வகுப்புல நிக்கிறாராம். ரெண்டும் கலந்து கலந்து வருதாம்.

— அப்ப நான் சொன்னா அவருக்கு என்ன தெரியப்போகுது?

— தெரியாமலே போகலாம். உனக்குத் தெரியுமே. ஜன்னல் ஓரம் தனியாத்தான் இருக்கார். போ.

— நீயும் வா.

— நான் எதுக்கு? நான் போய் டீ ஊத்துறேன். டப்பாவை மறந்துடாத.

— …இங்க உட்காரலாமா?

— மன்னிச்சுக்கோங்க மிஸ். மணி அடிச்சது என் காதுல விழல. பிரம்பை எடுப்பீங்களா?

— இல்லப்பா. இங்க யாரும் யாரையும் அடிக்கிறதில்ல. இங்க வேற சட்டம். மிஸ்னோ சார்னோ கூப்பிட்டா இந்த டப்பாவுல ஒரு பிஸ்கட் போடணும். பேர் சொல்லித்தான் கூப்பிடணும்… டெஸ்மண்ட்.

— டீச்சரையா? பேர் சொல்லியா?

— ஆமா டெஸ்மண்ட். எனக்கும் சீக்கிரத்துல வரல. என் பேர் பெவர்லி.

— பெவர்லியா? சரிதான், சரிதான். என் வகுப்புலயும் ஒரு பெவர்லி இருக்கா. கறிக்கடைக்காரர் பொண்ணு. கெட்டிக்காரி.

— அவளுக்கு என்ன?

— என் பேர்தான் அவ வாயில வரமாட்டேங்குது. உதடு வரைக்கும் வந்துடுச்சு, நான் பார்த்தேன். இன்னிக்கோ நாளைக்கோ சொல்லிடுவா. அதுவரைக்கும் இந்த டப்பாவை எடுத்துட்டுப் போயிடாதீங்க, மிஸ்.