வெந்நீரில் போட்ட சூப்பான்

தேவகிருபை: தூளியில இல்ல, பாயில இல்ல, துணி மூட்டையிலயும் இல்ல. அப்ப என் பிள்ளை வாயில வச்சுச் சப்புற சூப்பான் எங்கக்கா போச்சு?

கோவிந்தம்மா: காலங்காத்தால இன்னாம்மே கத்தறே... நேத்து விளக்கு வெக்கச் சொல்லோ தூளியிலதான் வெச்சேன். நர்சம்மா சொன்ன மாதிரியே கொதிக்கவெச்சு, தொடச்சு...

தேவகிருபை: அப்ப முழுங்கிட்டான்.

கோவிந்தம்மா: அத்தப் போயி யாராச்சும்...

தேவகிருபை: கட்டைவிரல் அளவு ரப்பர். வழுக்கிக்கிட்டு உள்ள போயிருக்கும். விடிஞ்சதுல இருந்து ஒரே அழுகை, பால் குடிக்க மாட்டேங்கான், வயிறு கல்லு மாதிரி இருக்கு. அவுக ரிக்‌ஷா பிடிக்கப் போயிருக்காக. வயித்தக் கிழிச்சுத்தான் எடுப்பாகளாம்.

கோவிந்தம்மா: கிழிச்சா... கொஞ்சம் பொறும்மே. ஓமத்தண்ணி குடுத்துப் பாரேன்.

தேவகிருபை: ஓமத்தண்ணிக்கு ரப்பர் கரையுமா?

வெள்ளத்துரை: கிருபை, ரிக்‌ஷா வாசல்ல நிக்கு. பிள்ளையத் தூக்கு.

கோவிந்தம்மா: தூக்காத தங்கச்சி. அண்ணே, புள்ள வயித்துல ஒண்ணும் கெடையாது.

வெள்ளத்துரை: நீங்க என்ன டாக்டரா?

கோவிந்தம்மா: இல்லண்ணே... இந்தா, எங்கூட்டு அடுப்புல இருந்த இந்தச் சட்டிய மோந்து பாரு.

வெள்ளத்துரை: டயர் எரிஞ்ச நாத்தம்லா அடிக்கு.

தேவகிருபை: நேத்து சாயங்காலம் அடிச்ச நாத்தம்... கம்பெனிப் புகைன்னு எல்லாரும் சன்னலச் சாத்துனோமே.

கோவிந்தம்மா: நானும் கம்பெனியத் திட்டிகினேதான் அடுப்பாண்ட போனேன். மரத்தூள் அடுப்பும்மே, ஒரு தபா பத்திகினா லேசுல அணையுதா? தண்ணி சுண்டி, உன் சூப்பான் சட்டியோட ஒட்டிகினு கீது. இதோ, வளையம் தெரியுது பாரு.

தேவகிருபை: ஆண்டவரே... ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஏங்க, ரிக்‌ஷாவ அனுப்பிருங்க. என்ன பாத்துட்டு நிக்கிய?

வெள்ளத்துரை: நீ சிரிக்கியா அழுவுதியான்னுதான் பாக்கேன்... சரி, போறேன்.

கோவிந்தம்மா: சூப்பான் இல்லாம கத்திக் கத்திக் காத்த முழுங்கிகீறான், அவ்ளோதான். குடு இப்டி, தோள்ல போட்டுத் தட்டறேன்... ஆங், ஏப்பம் வுட்டான் பாரு.

தேவகிருபை: இத முதல்லயே சொல்லியிருந்தா என் உசிரு பாதி போயிருக்காதே. எதுக்கு மறைச்சீங்க?

கோவிந்தம்மா: அடுப்ப வுட்டு நகர மாட்டேன்னு உன்னாண்ட சத்தியம் பண்ணேனே... அண்ணன் பூட்டாரா? நீ ஜெபக் கூட்டத்துக்குக் கெளம்புனதும், நான் மேட்னிக்கு ஓடிட்டேன். எங்கூட்டுக்காரரு காதுக்குப் போச்சுன்னா ஒரு மாசம் பேச மாட்டாரு.

தேவகிருபை: மேட்னியா... நேத்தா?

கோவிந்தம்மா: அதுவும் தண்டம். பின்னால பெஞ்சில எவளோ ஒருத்தி கைப்புள்ளையத் தூக்கிகினு வந்துட்டா. அது கத்துன கத்துல ஒரு பாட்டும் காதுல வுழல. அறிவுகெட்டவ, புள்ள வாயில எத்தயாச்சும் வெக்கலாம்ல?

தேவகிருபை: எத வைக்க? வைக்க வேண்டியதுதான் உங்க அடுப்புல கொதிச்சிக்கிட்டிருந்துச்சே.

கோவிந்தம்மா: ...அடிப் பாவி. ஜெபக் கூட்டம்?

தேவகிருபை: மெதுவாக்கா, அவுக வாராக. அவுக கடைய மீஞ்சூருக்கு மாத்துதோம், தை பிறந்ததும் குடி போறோம். அங்க கொட்டகை இல்லயாம்... போறதுக்குள்ள ஒரு படம் பாத்துரலாம்னு ஆசை. இந்த வளவுல இருக்கிற இத்தனை குடித்தனத்துல சினிமாவுக்குப் போற ஆளு நீங்க ஒருத்திதான். கொட்டகையில உங்க கண்ணுல பட்டுரக் கூடாதேன்னுதான், சூப்பானக் குடுத்து உங்கள அடுப்புகிட்ட உக்கார வச்சேன்.