பதினாறு பேரும் நியாயவாதியும்

“அம்பத்திரண்டு வயசில மாப்பிள்ள கேக்குதாகா அவவுக்கு?”

“கேட்டா உனக்கு எங்க நோகுது? நீயா ஆக்கிப் போடப் போறாய்?”

“எனக்கு நோகல்ல. அக்காட முழங்காலுக்கு ஆரு எண்ணெய் தேய்ப்பா எண்டுதான்—”

“முழங்கால் கிடக்கட்டும். நீ வாயப் பொத்து.”

‘வாவிக்கரைப் பேச்சு’ என்ற எங்கள் இணையக் குழுவில் இப்படி முட்டிக்கொண்டவர்கள் ஈச்சமுள்ளும் நியாயவாதியும். இரண்டு பேரும் நான்தான். நேரில் நான் சண்டைக்குப் போகாத ஆள். தேற்றாத்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குழுவுக்கு நான்தான் அட்மின். தொடக்கத்தில் அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சுத் துணைக்கு என்று பொய்ப்பெயரில் ஒருவரை உண்டாக்கினேன். ஒருவர் பேசினால் மறுமொழி சொல்ல இன்னொருவர் வேண்டாமா? அப்படியே பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். வேறு யாராவது பொய்க்கணக்கு வைத்திருந்தால் அன்றைக்கே நீக்கிவிடுவேன். விதி விதிதான்.

மாசியில் பெயரில்லாமல் ஒரு பதிவு வந்தது. வயது ஐம்பத்திரண்டு, கணவன் இறந்து பதினொரு வருடம், நல்ல மனிதர் ஒருவர் கேட்கிறார், செய்யலாமா, வேண்டாமா? நேரில் கேட்க வெட்கம், நீங்கள் வாக்குப் போடுங்கள், அதன்படி செய்கிறேன். இப்படி எழுதுகிறவரின் பெயர் அட்மினுக்கு மட்டும் தெரியும். அடுத்த அறையில் இருந்துகொண்டு என் தங்கச்சி கேதீஸ்வரி எழுதியிருந்தாள். ஆள் யார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. கரடியனாற்றில் எங்கள் வயலைச் செய்கிற வினாயகமூர்த்தி. நெல் கொண்டுவரும்போது தேவைக்கு மேலே சிரிப்பவர்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியது. என் வீட்டை மகளுக்குக் கொடுத்தேன். அவள் அதை விற்றுவிட்டுக் கனடா போனாள். நான் இங்கே ஒரு அறையில் இருக்கிறேன். இதையெல்லாம் நான் நினைத்தே பார்க்கவில்லை. வாக்கெடுப்பு ஒழுங்காக நடக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

முதல் நாளே ‘செய்யலாம்’ முந்தியது. ஊர் அவசரப்படுகிறது என்று பட்டது. பதினாறு பேரை ‘வேண்டாம்’ பக்கம் அனுப்பினேன். நியாயவாதியை மட்டும் மற்றப் பக்கம் விட்டேன். அவனுக்கு வாய் கெட்டது. அவன் ஆதரிக்கிற பக்கத்தில் மானமுள்ள ஒருவரும் நிற்கமாட்டார்கள். நின்றவர்களும் மெல்ல மெல்லக் கழன்றார்கள்.

காத்தான்குடி றமீஸா மட்டும் அசையவில்லை. “செய்ங்க கா. தனிய இரிக்கிறது என்னண்டு இவங்களுக்குத் தெரியா” என்று எழுதினாள். போலிக் கணக்கு என்ற சந்தேகத்தில் அவளை நிறுத்திவைத்தேன். பாவம், அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள். படம் தெளிவில்லை என்று பதில் போட்டேன்.

‘வேண்டாம்’ வென்றது. அன்று மத்தியானம் கேதீஸ்வரி எனக்குச் சோறு போட்டுத் தந்தாள், தான் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை வினாயகமூர்த்தி நெல் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுச் சிரிக்காமல் போனார். ஊர் சொன்னது, அவள் கேட்டாள். நான் குறுக்கே ஒரு சொல் சொன்னதாக அவளால் சொல்ல முடியாது.

நேற்றுப் பின்னேரம் வழக்கம்போல என் காலடியில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். தேய்த்த கையைச் சீலையில் துடைத்துவிட்டு, ஃபோனை எடுத்து, பழைய பதிவை ஆற அமர மேலிருந்து கீழே வாசித்தாள். ஈச்சமுள்ளின் வரியில் விரல் நின்றது.

“அக்கா, எனக்கு ஒரு அக்கா இரிக்கிறா எண்டு நான் இதில ஒரு இடத்திலயும் எழுதல்லியே?”