மிஷின் சத்தம் கேட்கிற வரைக்கும்

ஹலோ... ஆமா, கம்ப்யூட்டர் சென்டர்தான்... அனுராதாதான் பேசறேன், சொல்லுங்க... யாரு?... குந்தவையா? என்னடி, வேற நம்பரா இருக்கு... ம்... உங்க அத்தையோட பட்டன் போனா. சரி சரி. ஏன் உன் போன் என்னாச்சு?... தொடவே பயமா இருக்கா? எதுக்கு?

மெதுவாச் சொல்லு... அழுதுக்கிட்டே பேசுனா ஒண்ணும் புரியலடி... ம்... காலையில இட்லி வச்ச... ம்... வச்சுட்டு நிமிர முடியாம சுவத்தப் புடிச்ச. சரி. அதுக்கு அவர் என்ன சொன்னாரு?...

"ஆறு வாரம் ஆகும்"னாரா? எது ஆறு வாரம்?...

இரு. நீ அவர்கிட்ட எதுவும் கேக்கலியே... கேக்கல. விலா எலும்பு வலி எத்தன நாள்ல சரியாகும்னு நீ கேட்டது லேப்டாப்லதானே... நேத்து மத்தியானம். வீட்ல யாரும் இல்லாதப்ப... ம். தட்டுலேருந்து நிமிராமயே சொன்னாரா... சட்னி கேட்ட மாதிரி...

இல்ல, லைன்லதான் இருக்கேன். யோசிக்கறேன்.

குந்தவை, அவர் எட்டிப் பாக்கல. இது நான் பண்ணுன வேல... ஆமா, நான்தான். ஆடி மாசம் அந்த லேப்டாப்ப எங்கிட்டதானே கொண்டாந்த... மஸ்கட்லேருந்து அவர் அனுப்பிச்சது... பட்டாவுக்கு, கேஸுக்கு, நெல்லு பதிவுக்குன்னு உங்க வீட்டுக்கே ஒரே மெயில் ஐடி. அவரோடது. இங்க வர்ற எல்லா வீட்டுக்காரங்களும் அப்படித்தான் வச்சிருக்காங்க, வெளிநாட்ல இருக்கறவர் பேர்ல ஒண்ணு. தெனம் தெனம் பாஸ்வேர்ட் அடிக்க வேணாமே, வசதியா இருக்கட்டுமேன்னு அந்த ஐடிலயே பிரவுசரத் திறந்து, சிங்க்கையும் போட்டுக் குடுத்தேன்...

சிங்க்னா, நீ இங்க தேடறது அதே ஐடி இருக்கற இன்னொரு போன்லயும் போய் நிக்கும்... ஆமா. அவர் போன்லயும்... மஸ்கட்ல இருந்தப்பயும்தான்... ஆமாடி. அத்தனையும்.

திட்டு. அப்பறமாத் திட்டு. இப்ப அவர் எங்க?...

வயல்ல. அறுப்பு இன்னிக்கா?... கேக்குது, கேக்குது. மிஷின் சத்தம் எனக்கே கேக்குது. கொல்லைக்குப் பின்னாடி வயல்தானே... எத்தன மா?... ஆறு மா, ரெண்டு ஏக்கர். செயின் மிஷினா?... அப்ப ரெண்டு மணி நேரம் ஆகும். எப்ப ஆரம்பிச்சாங்க?... சரி, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. உங்க அத்த?... டீ கொண்டுபோயிருக்காங்களா. அவங்களும் நெல்லக் கொட்டற வரைக்கும் வர மாட்டாங்க.

இங்க கேளு. மிஷின் ஓடற வரைக்கும் அவர் வரப்ப விட்டு நகர மாட்டாரு. கதிரு மிதிபடுதா, நெல்லு சிந்துதான்னு பாத்துக்கிட்டு நிப்பாரு. அந்தச் சத்தம்தான் நமக்குக் கடியாரம். நின்னா லேப்டாப்ப மூடிட்டு நேரா அடுப்படிக்குப் போயிடு... ம். யாராவது கேட்டா, கொள்முதல் பதிவுக்கு சிட்டா நம்பர் கேட்டு அனுராதா பேசுனான்னு சொல்லு. நானும் அதையேதான் சொல்லுவேன்.

இன்னிக்கு ஒரு நாள்தான். நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிட்டா, அவர் ராவெல்லாம் அங்கதானே காவலுக்குப் படுக்கணும்... அதான். விடிகாலையில நீ வாசலத் தாண்டிடலாம். மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கறேன். அதுவரைக்கும் அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. வலிக்கு மருந்து தேடுனன்னு தெரிஞ்சா தெரியட்டும். கிளம்பறது தெரியக் கூடாது.

ஒரு நிமிஷம்... வாங்க மாமா, உக்காருங்க. சாகுபடி அடங்கல்தானே? எடுத்துத் தர்றேன். ஃபேன் போட்டுக்குங்க... இல்லடி, இராஜாங்கம் மாமா. உங்க தெருக் கோடி வீடு... அவர் பேப்பர் பாக்கறாரு. பேர் எதுவும் சொல்லல நான். நீ பேசு.

லேப்டாப்பத் திறந்தியா?... வலது பக்கம் மேல மூணு புள்ளி இருக்கும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா... அதான். ஹிஸ்டரி... வந்துடுச்சா. மேலேருந்து படிச்சுக்கிட்டே வா.

சேமியா கேசரி. இருக்கட்டும்... சீரியல், இருக்கட்டும்... சீரியல்... சீரியல்... எத்தன சீரியல்டி பாக்கற நீ... சரி சரி, சும்மா சொன்னேன்... நெல்லு ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம். நீயா தேடுன?... மாமனாருக்காக. இருக்கட்டும், அது ரொம்ப நல்லது... விலா எலும்பு. அதையும் விட்டுடு...

விட்டுடுன்னு சொல்றேன்ல. அவர் பாத்தாச்சு. பாத்தது காணாமப் போனாத்தான் வம்பு... மொத்தமா அழிக்கக் கூடாதுடி. தொடச்சு வச்ச மாதிரி இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும். அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி எடுக்கணும். நீ இங்க எடுத்தா அவர் போன்லேருந்தும் போயிடும். இந்தச் சிங்க்னால நமக்குக் கெடச்ச நல்லது அது ஒண்ணுதான்.

அப்பறம்?... பெண்கள் உதவி எண். பக்கத்துல சின்னக் கட்டம் இருக்கா, அதுல டிக் பண்ணு... மயிலாடுதுறைக்கு முதல் பஸ். டிக்... தங்கும் விடுதி. டிக்... "கணவர் அடித்தால்"... ம். போதும், முழுசாப் படிக்க வேணாம். டிக்... அதே மாதிரி இன்னும் ரெண்டா? அதுக்கும் டிக்...

ஏன் நிறுத்திட்ட?... ஏய்?... அதுல என்ன இருக்கு?...

சரி. சொல்லாத. டிக் பண்ணிடு... அத எப்ப தேடுன?... முந்தாநாளு. ம்... சாகறதுக்குன்னு ஏதும் வாங்கி வச்சிருக்கியா?... வீட்ல இல்லையே... சத்தியமா?... எங்கூடப் பேசும்போது பொய் சொல்லாத. காலேஜ் லேப்ல ரீடிங் வராதப்ப நீயா நம்பர் எழுதுவ பாரு, அப்பவே உன் குரல வச்சுக் கண்டுபுடிச்சுடுவேன்... ம். சிரி. சிரிச்சா வலிக்குதா. சரி, சிரிக்காத.

மிஷின் ஓடுதா?... ஓடுது. எத்தன ஆச்சு?... ஏழு. இப்ப மேல டெலீட்னு இருக்கும். குடு... போச்சா?... ஏழுமா?... ம்.

இல்ல, சிங்க்க நிறுத்தக் கூடாது. திடீர்னு உன் தேடலே வரலன்னா அதுவே கேள்வி ஆகும். பாஸ்வேர்டத் தொடவே கூடாது, மாத்துன அடுத்த நிமிஷம் அவருக்கு மெயில் போகும். அப்படியே இருக்கட்டும். இன்னிக்கு சாயங்காலம் ரெண்டு கோலம் தேடு, ஒரு குழம்பு தேடு. அவர் பாக்கறதுக்குன்னே தேடு...

தெரியும்டி. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு நீ சத்தியம் வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல...

கடேசியா ஒண்ணு பாத்துடலாம். மேல, வெட்டி வச்ச அட்டத்துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும்... அதத் தொடு. எக்ஸ்டென்ஷனெல்லாம் வரும். நான் ரெண்டு போட்டேன். விளம்பரம் வராம இருக்க ஒண்ணு, தமிழ்ல அடிக்க ஒண்ணு...

மூணா?

மூணாவது என்ன? எழுத்துக் கூட்டிப் படி... சைல்டு... ம்... சேஃப்டி... குழந்தைப் பாதுகாப்பு.

உங்களுக்குக் குழந்தையே இல்லியேடி.

நான் போடல... இல்ல, சத்தியமா நான் போடல. நான் குடுத்தப்ப ரெண்டுதான் இருந்துச்சு... கார்த்திகையில அவர் லீவுக்கு வந்தப்ப லேப்டாப்ப வாங்கி வச்சிருந்தாரா... எத்தன நாளு?... வைரஸ் எடுக்கறேன்னாரா.

அதத் தொடாத. மவுஸ விட்டுக் கைய எடு... எடுத்துட்டியா... அது, பிள்ளைங்க என்ன பாக்குதுன்னு பெத்தவங்க பாக்கறதுக்குப் போடறது. நீ எந்தப் பக்கத்துக்குப் போனாலும், என்ன அடிச்சாலும், படம் புடிச்சு அனுப்பிடும்... யாருக்கா? போட்டவங்களுக்கு...

இல்ல. சிங்க் இல்லடி. நான் சிங்க்க மட்டும் நெனச்சுட்டேன்... அந்த ஏழும், நீ தேடுன அன்னன்னிக்கே அவர்கிட்டப் போயிருக்கும்... பஸ்ஸும்தான்... ஆமா. அதுவும்தான்.

அவருக்கு எல்லாம் தெரியும். இப்ப நாம அழிச்சோம்ல, அது ஒண்ணுதான் அவருக்குப் புதுசு.

அழாத. கேளு. அழாம கேளு. மிஷின் ஓடுதா?... ஓடுது. எனக்கும் கேக்குது. கொல்லப்பக்க ஜன்னல் வழியாப் பாரு. வரப்புல யார் யார் நிக்கறாங்க?... அத்த... ம்... சாக்குப் புடிக்கற ஆளு ரெண்டு பேரு... அவர்?... நல்லாப் பாரு. மிஷினுக்கு அந்தாண்ட?...

ஓட்டறது டிரைவருடி. அவர் இல்லாமயே அது பாட்டுக்கு ஓடும். நான் அத யோசிக்கல.

வெளியில போ. இப்பவே. எதையும் எடுக்காத... சர்டிபிகேட் கெடக்கட்டும், அத அப்பறம் பாத்துக்கலாம்... புடவ மாத்தறதுக்கெல்லாம் நேரம் இல்ல. அப்படியே தெருவுக்குப் போ. பக்கத்து வீட்ல போய் உக்காரு... கேட்டா தயிர் வாங்க வந்தேன்னு சொல்லு, எதையாவது சொல்லு... போனக் கையிலயே வச்சுக்க. நடக்கறியா?... ம்... மெதுவாவே நட, ஆனா நட...

என்ன சத்தம் அது?... வாசக் கதவா?... குந்தவை?

குந்தவை.

...

ஆ... அண்ணே. வணக்கம்ணே. அனுராதாண்ணே, சென்டர்லேருந்து... நல்லாருக்கேண்ணே... ஒண்ணும் இல்ல, கொள்முதல் பதிவுக்கு சிட்டா நம்பர் கேக்கலாம்னு... ஆமாண்ணே... ம்... நல்ல வெளச்சலா. சந்தோஷம்ணே... ம்... மழைக்கு முன்னாடி அறுத்தாச்சு, ஆமா...

என்ன ஏழுண்ணே?...

இல்லண்ணே. எனக்கு அப்படி ஒண்ணும்... ம்... சிங்க்கா. ஆமா, அது நான்தான் போட்டுக் குடுத்தேன்... தேங்க்ஸா?... எதுக்குண்ணே எனக்கு தேங்க்ஸ்...

அண்ணே, போன அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன். ஒரே ஒரு நம்பர் கேக்கணும்... படுத்துட்டாளா?... இப்பத்தானேண்ணே பேசிக்கிட்டிருந்தா... தலவலின்னு எங்கிட்டச் சொல்லலியே... எழுப்புங்க. பரவாயில்ல, எழுப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்...

அண்ணே, அது என்ன சத்தம்?... இல்ல, மிஷின் இல்ல. மிஷின் சத்தம் எனக்குத் தெரியும். இது வீட்டுக்குள்ள. அரவிந்தண்ணே, அவளப் பேசச் சொல்லுங்க. ஒரு வார்த்தை பேசட்டும், நான் வச்சுடறேன். அண்ணே...

ஹலோ...

ஹலோ...

மாமா. எந்திரிங்க. வண்டி வெளியிலதானே... ம். குந்தவைதான், தங்கையன் வீட்டு மருமக... அவ அடி வாங்கறது எப்படித் தெரியும் உங்களுக்கு?... தெருவுக்கே தெரியுமா. எப்பலேருந்து?... போன லீவுலயே சத்தம் கேட்டுச்சா. கேட்டுட்டு எல்லாரும்...

சரி. அது இப்ப வேணாம். நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் வண்டிய நிறுத்துங்க. நிறுத்திட்டு ஹாரன் அடிங்க. என்னான்னு கேட்டா அடங்கல் நகல்னு சொல்லுங்க. உள்ள வாங்கன்னாப் போங்க. போங்கன்னாப் போகாதீங்க. வாசல்ல ஆளு நின்னா கை நீளாது மாமா... ம். நான் வர்ற வரைக்கும் நில்லுங்க. போங்க.

ஒண்ணு... எட்டு... ஒண்ணு...

ஹலோ... பெண்கள் உதவி எண்தானே?... ஆமா, கேக்குது... எனக்கு இல்லங்க. என் ஃப்ரெண்டுக்கு... இப்பத்தான். இப்ப நடந்துக்கிட்டிருக்கு... இல்ல, அவளுக்குத் தெரியாது நான் பேசறது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா... ம்... சொல்றேன். பேரு குந்தவை. வயசு இருபத்தஞ்சு. புருஷன் பேரு அரவிந்தன்... குத்தாலம் பக்கத்துல. ஊரு, தெரு, வீட்டு நம்பர், வாசல்ல என்ன மரம் இருக்கு, எல்லாமே சொல்றேன்.

எழுதிக்குங்க.