கொஞ்சம் திருடனா இருடா

— காலை எடுங்க அத்தான், கதவைச் சாத்தணும்.

— சாத்தினா கால் போயிடும்டா கிளெம்.

— போகட்டுமே. சர்ச் ஹால்ல, பூக்கண்காட்சி மேடையில ஏறி, "என் டாஃபடில் பூக்கிழங்கைத் திருடினவன் என் மச்சினன்தான்"னு மைக்குல முழங்கின ஹெட்லி அத்தானுக்கு ஒரு கால் போனா என்ன?

— எல்லாம் போச்சுடா.

— எது?

— 'ஹெட்லி மகுடம்'. நான் மகரந்தம் மாத்திச் சேர்த்து, வளர்த்து, பேர் வச்ச பூ. மொத்தப் பாத்தியும் காலி. கோடையில தோண்டிக் கொட்டகையில வச்ச கிழங்கை, இன்னைக்கு நட்டுடலாம்னு எடுத்தேன். கழுத்துல அமுக்கினா பொதுக்குனு உள்ள போகுது. அறுத்தா உள்ள பழுப்பா ஒரே சேறு, நடுவுல கொழுகொழுன்னு ஒரு புழு. அடுத்த கிழங்குல இன்னொண்ணு. ஆளுக்கொரு வீடுன்னு தனிக்குடித்தனம் நடத்துதுங்க!

— வாடகை குடுத்துச்சுங்களா?

— வயிறு எரியுது, சிரிக்கிறியா?

— அது டாஃபடில் ஈயோட புழு அத்தான். மே மாசம் பாத்தி மேல வெயில் காய்ஞ்சுக்கிட்டு, ஙொய்ங்னு சுத்துமே. குண்டா, உடம்பெல்லாம் ரோமமா.

— அது தேனீடா.

— தேனீக்கு நாலு றெக்கை. இதுக்கு ரெண்டுதான். தேனீ வேஷம் கட்டின ஈ.

— நான் சர்க்கரைத் தண்ணி வச்சேன்டா.

— யாருக்கு?

— அதுங்களுக்குத்தான். சாஸர்ல. "தேனீக்களைத் தொந்தரவு செய்யாதீர்"னு பலகை வேற எழுதி மாட்டினேன்.

— அடப்பாவமே! பந்தி போட்டு, காவலுக்கும் நின்னிருக்கீங்க. கார்ன்வால்ல இருக்கிற ஈ பூரா உங்க வீட்டு விலாசத்தைத்தான் விசாரிச்சிருக்கும்.

— பேசினது போதும். நீ திருடின கிழங்கு எனக்கு வேணும்.

— நான் திருடலைன்னு பாதிரியார் முன்னால பைபிள்ல கை வச்சிருக்கேன்.

— தெரியும். அந்தச் சத்தியம் பொய்யா இருக்கணும்னு வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன்.

— என்ன மனுஷன்யா நீங்க!

— உலகத்துலயே அது ஒண்ணுதான்டா பாக்கி. கொஞ்சம் திருடனா இருடா கிளெம். கால்ல வேணா விழறேன்.

— மேடையேறி மன்னிப்புக் கேப்பீங்களா?

— கேக்கறேன். கிளெம் திருடன் இல்லைன்னு அதே மைக்குல சொல்றேன்.

— அப்ப கிழங்கு எப்படி வந்துச்சுன்னு ஜனங்க கேக்குமே?

— சரி, திருடன்தான், ஆனா தங்கமான திருடன்னு சொல்றேன். எதையாவது சொல்றேன்டா! இருக்கா, இல்லையா?

— இருக்கு.

— கடவுளே!

— ஒரு கிழங்கு வச்சேன், இப்ப பெரிய கொத்து. மார்ச்சு வந்தா வெள்ளை இதழும் நடுவுல செங்கிண்ணமுமா கண்ணைப் பறிக்குது.

— புழு வரலியே?

— அந்த ஈக்கு வெயில் வேணும், காத்தடிக்காத மூலை வேணும். அங்க முழுக்க நிழல், எந்நேரமும் கடல் காத்து.

— உன் தோட்டம் தெக்குப் பார்த்ததாச்சே, நாள் பூரா வெயில் விழுமே. நிழல் ஏது?

— என் தோட்டத்துல நட்டேன்னு யார் சொன்னா?

— பின்ன எதுக்குடா திருடின?

— எங்க அக்காவுக்காக. அந்தப் பாத்திக்குத் தண்ணி சுமந்தது யாரு? மொர்வென்னாதானே? மேஜை மேல ஜாடியில வைக்க ஒரே ஒரு பூ கேட்டா. "கண்காட்சிப் பூவை வெட்டச் சொல்றியா"ன்னு குதிச்சீங்க. அவளும் சாகிறவரைக்கும் கேட்டுப் பார்த்தா. அடக்கம் பண்ணின மறுவாரம்தான் உங்க வேலி தாண்டினேன்.

— கிளெம்... எங்கடா நட்ட?

— சர்ச்சுக்குப் பின்னால, வடக்குச் சுவரோரம்.

— அங்க... அவ கல்லறைதானே இருக்கு?

— ஆமா. ஒரு மார்ச்சுல, ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க வந்திருந்தீங்கன்னா, என்னைக் கையும் களவுமா பிடிச்சிருப்பீங்க அத்தான்.